பால் நிறுப்பவரும் நீதிபதியும்
(அம்பாங்கான் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் வாளியை இறக்கி வைத்ததும் நாம் யார் முகத்தைப் பார்க்கிறோம்? நிறுக்கும் கிராணியின் முகத்தை. உள்ள எடையை உள்ளபடி அவர் எழுதினால் நமக்குச் சோறு. நிர்வாகம் முகம் சுளித்தால் தம் வேலை போகும் என்று அவர் அஞ்சினால் நம் பால் குறைந்துவிடும். இங்கே அமர்ந்திருக்கும் கிராணிமார் கோபிக்கக்கூடாது. நாட்டின் நீதிபதிகளைப் பற்றிப் பேசவே இதைச் சொன்னேன்.

1957-இல் மெர்டேக்கா பெற்றோம். கொடி நம்முடையது, மாமன்னர் நம்முடையவர். ஆனால் அப்பீலின் கடைசிப் படி லண்டனில் இருந்தது. அதன் பெயர் பிரிவி கவுன்சில். அங்குள்ள நீதிபதிகள் தங்கள் முடிவை நம் மாமன்னருக்கு அறிக்கையாக அனுப்புவார்கள். சுதந்திர நாட்டுக்கு அயலார் தீர்ப்பா என்று கேட்டவர்கள் நியாயமாகவே கேட்டார்கள். தோட்டக் கம்பெனிகள் பலவற்றின் தலைமை அலுவலகமும் அதே லண்டனில்தானே இருந்தது!

ஆயினும் ஒரு வழக்கைக் கேளுங்கள். சவுத் ஈஸ்ட் ஏசியா ஃபயர் பிரிக்ஸ் என்ற செங்கல் கம்பெனிக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும் தகராறு. தொழில் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பெனி உயர்நீதிமன்றம் போய் அதை உடைத்தது. கூட்டரசு நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநாட்டியது. கம்பெனி லண்டன் வரை போயிற்று. 1980-இல் பிரிவி கவுன்சில் அப்பீலைத் தள்ளியது. தொழிலாளர் மீது பரிவு கொண்டு அல்ல. 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் அன்று அத்தீர்ப்பை இறுதியாக்கியிருந்தது. அதிகார வரம்பை மீறாத வெறும் சட்டப் பிழைக்காக அதை உடைக்க முடியாது என்றார்கள். நம் நாடாளுமன்றம் எழுதிய வாசகத்தை அயல்நாட்டு நீதிபதி காப்பாற்றினார்! கைதட்டுமுன் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: நாம் தோற்ற வழக்கிலும் அதே வாசகம் அன்று கதவைச் சாத்தியது.

குற்ற வழக்குகளுக்கும் அரசியலமைப்பு வழக்குகளுக்கும் 1978-இல் லண்டன் வழி அடைபட்டது. மற்றவற்றுக்கு 1985 ஜனவரி முதல் நாள். அடைத்தது சரியே. ஆனால் தூரத்து நீதிபதிக்கு ஒரு பலம் இருந்தது. நம் மந்திரி எவரும் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்தப் பலத்தை உள்ளூர் நீதிபதிக்குக் கொடுத்தோமா?

மூன்றே ஆண்டில் விடை தெரிந்தது. 1988-இல் அரசியலமைப்பின் 121-ஆம் பிரிவைத் திருத்தி, நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் உள்ளது என்ற சொற்களை எடுத்தார்கள். ஆளுங்கட்சியின் பிளவு பற்றிய வழக்கு அப்போது கோர்ட்டில் நின்றது. உச்சநீதிமன்றத் தலைவர் துன் சாலே அபாஸ் மே மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டு, ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். அவரை விசாரித்த குழுவுக்கு யார் தலைவர் தெரியுமா? அவருடைய இடத்தில் தற்காலிகமாக அமர்ந்திருந்தவர். பின்னர் அப்பதவியையே பெற்றவர். கங்காணியை விசாரிக்க, அந்த வேலைக்குக் காத்திருப்பவரை உட்கார வைப்பதா? குழுவின் அறிக்கையைத் தடுக்க உத்தரவிட்ட ஐந்து நீதிபதிகளும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் இருவர் வேலையிழந்தார்கள்.

2018-இல் இந்திரா காந்தி என்ற ஈப்போ தாயின் வழக்கில், அந்த அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து பிடுங்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. முப்பது ஆண்டு பிடித்தது, தோழர்களே! நியமனம் மட்டும் இன்னும் தொங்குகிறது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஆணையம் பெயர்களைத் தேர்ந்து கொடுக்கிறது. அவற்றில் எதை மாமன்னரிடம் கொண்டுபோவது என்பது பிரதமர் கையில் விடப்பட்டது. நிறுப்பவரை நியமிப்பது யார் என்று பால் ஸ்டோரில் கேட்கிற நாம், இதையும் கேட்க வேண்டாமா?