உலகுக்கு ஒரு கூலி வரம்பு

(அன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலகம் முழுமைக்கும் ஒரு கீழ்க்கூலி வரம்பு வேண்டுமா? வேண்டுமெனின், அது நடைமுறைக்கு ஒத்துவருமா? இவையே இன்று எனக்குத் தரப்பட்ட வினாக்கள். தமிழையும் தமிழர் உரிமையையும் பற்றிப் பேசும் மேடையில் உலகக் கூலிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். மொழி மக்கள் வாயில் வாழ்வது. அவ்வாய்க்குச் சோறில்லையேல் மொழிக்கும் வாழ்வில்லை. ஆகலின் கூலியைப் பற்றிய பேச்சு நமக்குப் புறம்பானது அன்று.

கூலி என்னும் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். பண்டு உழைத்தவனுக்குக் கூலமாக, அஃதாவது தவசமாக, அளந்து கொடுத்தது கூலி. சம்பு என்னும் நெல்லும் அளம் என்னும் உப்புமாகக் கொடுத்தது சம்பளம். இது மொழிஞாயிறு பாவாணர் காட்டிய விளக்கம். ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் சொல்லும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. இவற்றால் நாம் அறிவது என்ன? கூலி என்பது தொடக்கத்தில் உழைப்பவன் வயிற்றை அளந்து கொடுக்கப்பட்டது. சந்தையில் ஆள் மலிந்திருக்கிறானா, அருகியிருக்கிறானா என்று பார்த்து அளந்தது பிற்காலத்து வழக்கம். அவ்வழக்கம் முற்றிய நாளில், வெள்ளையர் வாயில் ‘கூலி’ என்னும் சொல் உழைக்கும் ஆளையே குறிக்கும் இழிசொல்லாயிற்று. பெறும் பொருளின் பெயர் பெறுபவனுக்கே பெயராகிவிட்டால், அவனும் ஒரு சரக்காகி விட்டான் என்பதே பொருள்.

உழைப்பு ஒரு சரக்கன்று என்று 1944-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு அறிவித்தது. அதற்கும் முன்னரே, 1919-இல் அவ்வமைப்பு தோன்றியபோது எழுதப்பெற்ற முகவுரையில், ஒரு நாடு தன் தொழிலாளரை மாந்தராக நடத்தத் தவறினால், நடத்த விரும்பும் பிற நாடுகளுக்கும் அது முட்டுக்கட்டையாகும் என்னும் கருத்து இடம்பெற்றது. உலகக் கூலி வரம்பு ஏன் வேண்டும் என்னும் வினாவிற்கு விடை அதனுள்ளேயே உள்ளது.

இற்றை நாளில் முதல் எல்லை கடக்கிறது. சரக்கும் எல்லை கடக்கிறது. தொழிலாளி மட்டும் எல்லையில் நிறுத்தப்படுகிறான். திருப்பூரில் கூலி உயர்ந்தால் தாக்காவுக்குப் போவேன் என்கிறான் வாங்குவோன். தாக்காவில் உயர்ந்தால் வேறொரு நகருக்குப் போவேன் என்கிறான். ஒவ்வோர் அரசும் தன் மக்களின் உழைப்பைக் குறைந்த விலைக்குக் கூவி விற்கிறது. இப்போட்டியின் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2013 ஏப்பிரல் 24-ஆம் நாள் வங்காளதேசத்தில் உலகம் கண்டது. இராணா பிளாசா என்னும் பன்மாடிக் கட்டடம் சரிந்து ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆடைத்தொழிலாளர் மாண்டனர். முதல்நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தும் அவர்கள் உள்ளே சென்றனர். ஏன்? திங்களுக்கு 3,000 தாக்காவைக் கீழ்க்கூலியாகக் கொண்ட நாட்டில், ஒருநாட் கூலியை இழக்கும் வலிமை அவர்களுக்கு இல்லை. குறைகூலி வயிற்றை மட்டும் சுருக்குவதன்று. ‘மாட்டேன்’ என்று சொல்லும் வாயையும் அடைப்பது. பத்தாண்டு கழித்து, 2023-இல், 23,000 தாக்கா கேட்டு அத்தொழிலாளர் தெருவில் இறங்கினர். அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். கிடைத்தது 12,500.

இவ்விடத்தில் நம்மவரிடையே எழும் ஒரு குறையையும் நேர்முகமாகக் கூற வேண்டும். வடபுலத்திலிருந்து வரும் தொழிலாளர் தமிழகத்தின் கூலியைக் குறைத்துவிடுகின்றனர் என்று வருந்துகிறோம். அவ்வருத்தத்திற்குக் கரணியம் இல்லாமலில்லை. ஆனால் அவனைக் குறைத்து வாங்கச் சொன்னது யார்? அவன் ஊரில் கூலியில்லாமை அவனைத் துரத்துகிறது. இங்குள்ள முதலாளியின் கணக்கு அவனை அழைக்கிறது. வந்தவனைப் பழிப்பதால் நம் கூலி ஓர் உருபாவும் உயராது. அவன் ஊரிலும் நம் ஊரிலும் ஒரே அளவுகோலால் கூலி அளக்கப்பட்டால்தான் இருவரும் தத்தம் மண்ணில் மானத்தோடு வாழ முடியும்.

எனவே, உலகக் கூலி வரம்பு விரும்பத்தக்கதா என்னும் முதல் வினாவுக்கு என் விடை, ஆம் என்பதே. ஆயின் எத்தகைய வரம்பு? எல்லா நாட்டுக்கும் ஒரே தொகை என்று சிலர் கூறுவர். அது தவறு. அதற்கு வரலாற்றில் கண்கூடான சான்று உண்டு. 1938-இல் அமெரிக்க ஒன்றியம் மணிக்கு 25 செண்டு என்று கீழ்க்கூலி வகுத்தது. அதே தொகையைத் தன் ஆட்சிக்குட்பட்ட ஏழைத்தீவாகிய புவேர்த்தோ இரிக்கோவுக்கும் பொருத்தியது. அங்குப் பெண்கள் வீட்டிலிருந்து செய்த தையல் தொழில் அவ்விலையைத் தாங்காமல் நொடித்தது. 1940-இல் சட்டத்தைத் திருத்தி, அத்தீவுக்குத் தனிக்குழுக்கள் அமைத்துக் குறைந்த தொகை வகுக்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கின் தொகையை நேபாளத்தில் ஏற்றினால் அங்குள்ள தொழில் அழியும். நேபாளத்தின் தொகையை நியூயார்க்கில் வைத்தால் அது வரம்பே ஆகாது.

தொகை ஒன்றாதல் இயலாது. அளவுகோல் ஒன்றாதல் இயலும். மரக்காலும் படியும் ஊர்தோறும் வேறுபட்ட காலத்திலும் பசி ஒன்றாகவே இருந்தது. 1907-இல் ஆத்திரேலிய நடுவர்மன்றத் தலைவர் இக்கின்சு என்பார், அறுவடைப் பொறிகள் செய்யும் ஆலையொன்றின் வழக்கில், முதலாளி எவ்வளவு கொடுக்க இசைவான் என்று கேட்கவில்லை. ஒரு தொழிலாளி தன் மனைவி மக்களோடு மாந்தனாக வாழ என்ன வேண்டும் என்று கேட்டார். தொழிலாளரின் மனைவியரை அழைத்து வீட்டுச் செலவுக் கணக்கைக் கேட்டறிந்து, நாளொன்றுக்கு 7 சில்லிங்கு என்று வகுத்தார். 1957-இல் புதுதில்லியில் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடும் அதே நெறியில் சென்றது. ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 72 கசத் துணி, வீட்டு வாடகை, எரிபொருளும் பிறவும் என்று அது வரையறுத்தது. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம், ஒரு நாட்டின் தொழிலாளரை ஊதிய வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவன் பெறுவதில் 60 விழுக்காடு என்பதை உறுப்பு நாடுகளுக்கு ஒரு வழிகாட்டு அளவாகக் காட்டியது. தொகை நாட்டுக்கு நாடு வேறு, அளவுகோல் ஒன்று. நான் வேண்டும் உலக வரம்பு இத்தகையது.

கீழ்க்கூலி வகுத்தால் வேலை அழியும் என்பது முதலாளிமார் பழம்பாட்டு. 2015-இல் செருமனி மணிக்கு 8.50 யூரோ என்று முதன்முதலாக நாடு தழுவிய கீழ்க்கூலி வகுத்தபோதும், இலக்கக்கணக்கில் வேலை போகும் என்று எச்சரித்தனர். அப்படிப் போகவில்லை. கூலியை மட்டுமீறி ஏற்றினால் வேலை குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. அளவறிந்து ஏற்றினால் தொழில் தாங்கும் என்பதே நாடுகளின் பட்டறிவு.

இனி, இரண்டாம் வினா. இது நடக்கக்கூடியதா? ‘உலக அரசே இல்லாதபோது உலகக் கூலியை யார் நிலைநாட்டுவது?’ என்று கேட்பர். அவர்களைக் கடற்கரைக்கு வருமாறு அழைக்கிறேன். ஏனெனில், உலகக் கூலி வரம்பொன்று கடலில் ஏற்கெனவே இருக்கிறது.

வெள்ளையர் கப்பல்களில் ‘இலாசுகர்’ என்று அழைக்கப்பெற்ற இந்தியக் கடலோடிகள், அதே கப்பலில் அதே வேலை செய்த வெள்ளையர் பெற்றதில் ஒரு சிறு பகுதியையே பெற்றனர். 1946-இல் சியாட்டில் நகரில் கூடிய மாநாடு, தேர்ந்த கடலோடிக்குத் திங்களுக்கு 16 பவுன் அல்லது 64 தாலர் என்று உடன்படிக்கை எழுதியது. போதிய நாடுகள் ஒப்பாமையால் அது நடைமுறைக்கே வரவில்லை. அதனோடு முயற்சி நின்றதா? இல்லை. கப்பல் உடைமையாளரின் பேராளரும் கடலோடிகளின் பேராளரும் எதிரெதிர் அமர்ந்து பேசித் தொகை வகுக்கும் வழக்கம் படிப்படியே வேரூன்றியது. அத்தொகை 2023-இல் 658 தாலர்; 2024-இல் 666; 2025-இல் 673. உண்மையை மறைக்க வேண்டா: இத்தொகை கட்டாய விதியன்று, வழிகாட்டு நெறியே. ஆயினும் உலகெங்கும் கடலோடிகளின் கூலிப்பேச்சு அதனை அடித்தளமாகக் கொண்டு நடக்கிறது.

இதற்கு ஆற்றல் தந்தது எது? 2006-இல் எழுதி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதனை ஒப்பியுள்ளன. இந்தியா 2015-இல் ஒப்பியது. ஒப்பிய நாட்டுத் துறைமுகத்துக்குள் எந்நாட்டுக் கப்பல் வந்தாலும், பேசிய கூலி திங்கள்தோறும் முழுமையாகக் கொடுக்கப்பட்டதா என்று அலுவலர் ஏறிப் பார்க்கலாம். பெருங்குறை கண்டால் கப்பலைத் தடுத்து நிறுத்தலாம். உடன்படிக்கையை ஒப்பாத நாட்டின் கொடி பறப்பினும் அக்கப்பலுக்குச் சலுகை இல்லை. உலக அரசு ஒன்றும் இங்கே இல்லை. துறைமுகம் மட்டுமே இருக்கிறது. கப்பல் எங்கேனும் ஒரு துறைக்கு வந்தே தீரவேண்டும். அங்கே அதன் கணக்கைக் கேட்க ஆளிருக்கிறான்.

தோழர்களே! கப்பல் துறைக்கு வருவது போலவே அதிலுள்ள சட்டையும் துறைக்கு வருகிறது. கப்பலோட்டியவனின் கூலியைக் கேட்கும் அலுவலர், சட்டை தைத்தவளின் கூலியை ஏன் கேட்கக்கூடாது? இது கனவன்று. 2020-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க-மெக்சிகோ-கனடா வாணிக உடன்பாட்டில், ஓர் உந்து வரிச்சலுகை பெற வேண்டுமாயின், அதன் மதிப்பில் 40 விழுக்காடு மணிக்கு 16 தாலருக்குக் குறையாத கூலி பெறுவோரிடத்தில் உருவாகியிருக்க வேண்டும் என்று விதித்தனர். அவ்விதி மெக்சிகோத் தொழிலாளியின் கூலியை உயர்த்தவா, அமெரிக்கத் தொழிலைக் காக்கவா என்னும் ஐயம் ஞாயமானதே. பணக்கார நாடுகள் தாமே தொகை வகுத்தால் அது ஏழை நாட்டுச் சரக்கைத் தடுக்கும் வேலியாகும். அதனால்தான், ஒவ்வொரு நாடும் பொது அளவுகோலால் தன் தொகையைத் தானே வகுக்க வேண்டும் என்கிறேன். இறக்குமதி செய்யும் நாடு, அத்தொகை கொடுக்கப்பட்டதா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும்.

ஆயினும் சட்டம் மட்டும் சோறு போடாது. இலங்கை மலையகத்தில் நம் தமிழருக்கென்றே 1927-இல் கீழ்க்கூலிச் சட்டம் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் தேயிலை விலையும் தொய்வத்தின் விலையும் வீழ்ந்தபோது வரம்பையே கீழிறக்கினர்! வயிற்றால் அளக்காமல் சரக்கின் விலையால் அளந்ததன் விளைவு அது. 1948-இல் குடியுரிமையும் பறிக்கப்பட்ட அம்மக்களுக்கு, நாளொன்றுக்கு 1,000 உருபா என்னும் கோரிக்கை நிறைவேற 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. அரசியல் உரிமையற்ற மக்களின் கூலி வரம்பு மணல்மேட்டு வரப்பு.

நம் தஞ்சை மண்ணையும் மறக்கலாமா? கூடுதல் நெற்கூலி கேட்ட உழவுத் தொழிலாளர் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 திசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அதன் பின்னரே, 1969-இல், வேளாண் தொழிலாளர் ஞாயக்கூலிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் விலை அதுவாக இருந்தது. இந்தியா முழுமைக்கும் 1948-லேயே கீழ்க்கூலிச் சட்டம் வந்தது. கீழ்க்கூலிக்கும் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச அறமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் நடுவணரசு 2017-இல் காட்டிய அடிக்கூலி நாளொன்றுக்கு 176 உருபா! அரசே அமர்த்திய வல்லுநர் குழு 2019-இல் 375 உருபா வேண்டும் என்றது, அது ஏற்கப்படவில்லை. 1957-இல் தானே வகுத்த அளவுகோலை மூலையில் சார்த்தி வைத்திருக்கும் அரசு, உலக மேடையில் ஏழைகளுக்காகப் பேச என்ன தகுதி உடையது?

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று: கீழ்க்கூலி பற்றிய 1970-ஆம் ஆண்டு அனைத்துலக உடன்படிக்கையை இந்திய அரசு ஒப்ப வேண்டும். இரண்டு: 2019-இல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைப்படுத்திய கூலிச் சட்டத்தொகுப்பின் கீழ் வகுக்கும் அடிக்கூலி, 1957-இன் அளவுகோலால் அளக்கப்பட வேண்டும், அதற்குமேல் வகுத்துக்கொள்ளும் உரிமை தமிழகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று: வாணிக உடன்பாடு எழுதும்போதெல்லாம் கூலி பற்றிய விதி, தொழிலாளர் பேராளரையும் உடன் அமர்த்தி எழுதப்பட வேண்டும்.

கடலோடிகளுக்கு 1946-இல் எழுதிய ஏடு ஏட்டளவில் நின்றது. அவர்கள் சோர்ந்து விடவில்லை. அறுபது ஆண்டுக்குப் பின் துறைமுகங்களைத் தமக்குக் காவலாக்கிக்கொண்டனர். ஆடை தைப்போருக்கும், கொழுந்து பறிப்போருக்கும், கல்லுடைப்போருக்கும் அவ்வழி திறந்தே உள்ளது. அவ்வழியில் நடக்கத் தமிழ்த் தொழிலாளி, வங்காளத் தொழிலாளியையும் பிகாரித் தொழிலாளியையும் பகைவராக எண்ணாமல், ஒரே படியால் அளந்து வாங்க வேண்டிய கூட்டாளிகளாகக் கருதித் தோள் சேர வேண்டும் என்று கேட்டு, என் உரையை முடிக்கிறேன்.

வாழ்க தமிழ்! வெல்க உழைப்போர் உரிமை!