கழுத்தில் விழுந்த மாலை: போதை ஒழிப்பும் குடிமக்கள் உரிமையும்



பள்ளிக்கூட வாசலில் கஞ்சா விற்கிறான், பிள்ளையை வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறது என்று சொல்லும் தாயின் முன்னால் நின்று 'உரிமை' என்று பேசுவது சங்கடம். 'உங்களுக்கு இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தெரியும்' என்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அந்தப் பயத்தின் பெயரால் நாம் கொடுத்துவிட்டவை எவை, கொடுத்ததற்குப் பதிலாக ஏதாவது கிடைத்ததா என்று கணக்குப் பார்க்க வந்திருக்கிறேன்.

திருவிடைமருதூரில் பேசுகிறவன் மகாலிங்கசுவாமி கோயிலின் இரண்டு வாசல்களைச் சொல்லாமல் போக முடியாது. கீழை வாசலில் பட்டினத்தார், மேலை வாசலில் பத்திரகிரியார். இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் குற்ற வழக்கு நடத்துகிறவன் அதைக் கேட்கிற விதம் வேறு. அரண்மனையில் களவு நடக்கிறது. திருடியவர்கள் போகிற வழியில், பிள்ளையாருக்குப் பங்கு என்று இருட்டுக்குள் ஒரு மாலையை வீசிவிட்டுப் போகிறார்கள். அது உள்ளே கண்மூடி அமர்ந்திருந்த துறவியின் கழுத்தில் விழுகிறது. காவலர்கள் வந்து பார்த்தால் களவுபோன சொத்து கழுத்தில் இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? பத்திரகிரி மன்னன் கழுவில் ஏற்றச் சொல்லிவிட்டான். கழுமரம் தீப்பற்றி எரிந்ததால் பட்டினத்தார் பிழைத்தார். தீர்ப்புச் சொன்ன மன்னன் ராஜ்யத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் இந்த ஊருக்கு வந்தான். மரம் எரியாமல் இருந்திருந்தால் அந்த வழக்கில் மேல்முறையீடு கிடையாது.

போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. கோர்ட்டில் நாங்கள் என்டிபிஎஸ் என்போம். குற்றத்தை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்பது நம் குற்றவியல் சட்டத்தின் பொதுவிதி. என்டிபிஎஸ் சட்டத்தின் 35, 54 ஆகிய பிரிவுகள் அதைப் புரட்டிப் போட்டன. பொருள் உன் வசம் இருந்ததா? அப்படியானால் தெரிந்துதான் வைத்திருந்தாய் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நீதான் நிரூபிக்க வேண்டும். 37ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வணிக அளவு என்று வந்துவிட்டால், இவர் குற்றம் செய்திருக்கமாட்டார் என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால்தான் ஜாமீன். விசாரணை தொடங்கும் முன்பே விடுதலைத் தீர்ப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொல்கிற விதி அது. டெல்லியில் 23 வயதில் கைதான ஒருவர் ஏழு ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தார். முகமது முஸ்லிம் என்ற அந்த வழக்கில் 2023 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது.

இவ்வளவு கடுமையான சட்டத்தில் எல்லாம் எதன் மேல் நிற்கிறது? போலீஸ் எழுதும் பறிமுதல் பத்திரமான ஒரு மகஜரின் மேல். கஞ்சா வழக்கு மகஜர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரகசியத் தகவல் கிடைத்தது. குறிப்பிட்ட இடத்தில் சந்தேகத்துக்கிடமாக நின்றவர் போலீசைக் கண்டதும் ஓட முயன்றார், சுற்றி வளைத்துப் பிடித்தோம். அந்த வழியாகப் போன பொதுமக்களைச் சாட்சிக்கு அழைத்தோம், யாரும் முன்வரவில்லை. நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டு என்று எடுத்துச் சொன்னோம். 'வேண்டாம், நீங்களே சோதனை போடுங்கள்' என்றார். தராசில் எடை போட்டோம். 50 கிராம் வீதம் இரண்டு மாதிரி எடுத்து அரக்கு முத்திரை வைத்தோம். தானாக முன்வந்து ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். பெயரையும் தேதியையும் மாற்றினால் அடுத்த வழக்கின் மகஜர் தயார். இந்த ஜில்லாவில் இத்தனை பேர் பிடிபட்டும், நடுவர் முன் சோதனை வேண்டும் என்று கேட்ட ஒரு ஆளை நான் இன்னும் எந்த மகஜரிலும் பார்த்ததில்லை.

எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு, அதிகபட்சம் ஓராண்டு. ஒரு கிலோவைத் தாண்டினால் பத்து ஆண்டு வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. பத்தில் தொடங்கி இருபது வரை, அதோடு 37ஆம் பிரிவு. இந்த எல்லைகளுக்குச் சற்று மேலே, ஒன்றே கால் கிலோ, 21 கிலோ என்று வழக்குகள் அடிக்கடி வந்து நிற்பதை வழக்கறிஞர் அறையில் சிரித்துக்கொண்டே பேசுவோம். சிரிப்பு சாட்சியமாகாது என்பதால் அதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் சட்டப்படி கஞ்சா என்பது பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதி மட்டும். நுனி இல்லாமல் தனியே இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. மூட்டையில் இருக்கிற தண்டு, இலை, ஈரம் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்த எடையில் ஒரு மனிதனின் ஓராண்டு பத்தாண்டாகிவிடலாம். மறுபக்கமும் உண்டு. சென்னையில் பறிமுதல் செய்த 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று போலீசார் சொல்ல, 2023இல் இரண்டு பேர் விடுதலையானார்கள். குற்றவாளிக்கும் இந்த முறையால் ஆதாயம், நிரபராதிக்கும் இந்த முறையால் கேடு.

ஒப்புதல் வாக்குமூலத்தில் மட்டும் ஓரளவு வெளிச்சம் வந்தது. அதுவும் நம் மாநிலத்து வழக்கில். 2004இல் சென்னையில் பிடிபட்ட ஹெராயின் தொடர்பான தூபான் சிங் வழக்கு. போதைப்பொருள் தடுப்பு அதிகாரியிடம் 67ஆம் பிரிவின் கீழ் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது, அவரும் போலீஸ் அதிகாரியே என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 29 அன்று சொன்னது. மூன்று நீதிபதிகளில் இருவர் அப்படி, ஒருவர் மாறாக. சட்டம் வந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை அப்படிப்பட்ட வாக்குமூலத்தின் பேரிலேயே தண்டனை அனுபவித்து முடித்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு செய்தித்தாள் துண்டுதான்.

என்டிபிஎஸ் சட்டத்திலாவது விசாரணை என்று ஒன்று உண்டு. குண்டாஸ் என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அதுவும் இல்லை. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி என்று தொடங்கிய பட்டியல் திருத்தத்துக்குத் திருத்தம் நீண்டு, மணல் கடத்துபவர், திருட்டு வீடியோ விற்பவர் வரை வந்தது. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்திட்டால் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே. அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. சாதாரணச் சட்டமே போதுமானதாக இருக்கும்போது தடுப்புக்காவலை எடுக்கக்கூடாது என்று 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாட்டு அரசுக்கு எதிராகத்தான். நடப்பது என்ன? ஜாமீன் கிடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் குண்டாஸ். பிறகு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்க முடியவில்லை, தமிழில் மொழிபெயர்த்துத் தரவில்லை என்று ஏதாவது ஒரு காரணத்தில் உத்தரவு ரத்தாகும். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். ரத்தான உத்தரவில் கையெழுத்திட்டவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு நினைவிருக்கும், குடியரசு பிறந்த 1950லேயே ஏ.கே. கோபாலன் என்ற கம்யூனிஸ்ட் தலைவரை இதே சென்னை மாநில அரசு தடுப்புக்காவலில் வைத்து, அதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஒருவரை அடைக்கச் செய்த கதவு அடுத்தவருக்கும் திறந்தே இருக்கும்.

சரி, இவ்வளவும் கொடுத்தோம். போதை ஒழிந்ததா?

2021 இறுதியில் தொடங்கி 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று 1.0, 2.0 எனப் பதிப்பு போட்டு நான்கு வரை நடத்தினார்கள். 2022 ஆகஸ்டில் மாநிலம் முழுக்கப் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுத்தோம். ஒவ்வொரு வேட்டை முடிந்ததும் எத்தனை பேர் கைது, எத்தனை கிலோ பறிமுதல், எத்தனை வங்கிக் கணக்கு முடக்கம் என்று எண்ணிக்கை வரும். எத்தனை பேர் பழக்கத்தை விட்டார்கள் என்ற எண்ணிக்கை வந்ததில்லை. ஒரு மருந்து வேலை செய்திருந்தால் இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் எதற்கு?

சரக்கு வருகிற வழியைப் பாருங்கள். விளைவது ஆந்திரத்தின் விசாகப்பட்டினம் பக்கத்து மலைகளிலும் ஒடிசாவின் மல்கான்கிரியிலும். ரயிலிலும் காரிலும் நம் டெல்டாவுக்கு வந்து, நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரையில் படகு ஏறி, யாழ்ப்பாணத்தில் இறங்குகிறது. இறங்கியதும் அங்கே அதற்குப் பெயர் 'கேரள கஞ்சா'. கேரளம் பாவம். இந்த நீண்ட பாதையில் பிடிபடுகிறவர் யார்? பை தூக்கி வந்தவர், வண்டி ஓட்டியவர், படகோட்டி. மலையில் பணம் கொடுத்தவரும் அக்கரையில் பணம் வாங்கியவரும் மகஜரில் 'தலைமறைவு எதிரி' என்ற வரியோடு முடிந்துபோகிறார்கள். தூக்கிவந்தவரின் இடத்துக்கு மறுவாரமே வேறொருவர் வருகிறார். வேலையில்லாத ஊரில் அந்த வேலைக்கு ஆள் பஞ்சம் வராது. கஞ்சாவுக்குக் கெடுபிடி கூடிய இடங்களில் வலிநிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்ற செய்தியும் வருகிறது. அது கஞ்சாவை விட ஆபத்து.

மதுவில் நாம் இதை ஒருமுறை முழுதாகவே செய்து பார்த்திருக்கிறோம். 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003இலிருந்து அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். இத்தனைக்கும் பிறகு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கூலிக்காரனுக்குக் கடைச் சரக்கின் விலை எட்டவில்லை, பாக்கெட் சாராயம் எட்டியது. அரசு அதற்குச் செய்தது தண்டனையை ஆயுள்வரை உயர்த்தியதுதான். ஒரு கையால் விற்று மறுகையால் அடிக்கிற அரசுக்கு, போதை தீங்கு என்று பேசும் தகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் ஒரு சுருதி இறங்கியே கேட்க வேண்டும்.

'சிங்கப்பூரைப் பாருங்கள், தூக்கில் போடுகிறான், அங்கே போதை இல்லை' என்று டீக்கடையில் எப்போதும் ஒருவர் சொல்வார். பார்ப்போம். அங்கே தூக்கில் தொங்கியவர்களில் நம்மவரும் உண்டு. மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம், 42.72 கிராம் ஹெராயினுக்காக 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69. அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா. 1,017.9 கிராம் கஞ்சா கடத்தச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. அவர் கையில் கஞ்சா பிடிபடவே இல்லை. தொலைபேசி எண்களை வைத்துத் தொடர்பு காட்டினார்கள். அதே எடை தஞ்சாவூரில் பிடிபட்டால் சிறு அளவைவிட 17.9 கிராம்தான் கூடுதல். சிங்கப்பூரிலும் கையிலிருந்தால் தெரிந்துதான் வைத்திருந்தாய் என்ற அனுமானச் சட்டம் உண்டு. கடத்தலை நடத்திய முதலாளி தூக்குமேடை ஏறினார் என்று நான் கேள்விப்பட்டதில்லை. இலங்கையில் 2023 டிசம்பரில் 'யுக்திய' என்று தொடங்கிய வேட்டையில் சில வாரங்களிலேயே பல்லாயிரக்கணக்கில் கைது, ஐ.நா. நிபுணர்களே கண்டித்தார்கள். பிலிப்பைன்ஸில் அதிபராக இருந்த டுட்டெர்டே போதைக்கு எதிராக நடத்திய போரில் அரசுக் கணக்குப்படியே ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். 2025இல் அவரையே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள்.

போர்ச்சுகல் வேறு வழியில் போனது. 2001 ஜூலையிலிருந்து, பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவை வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு குழுவின் முன் அனுப்புகிறார்கள். விற்பனை அங்கே இன்றும் குற்றம். ஊசியால் பரவிய எச்ஐவி தொற்று வெகுவாகக் குறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பணம் குறைந்தபோது அங்கும் தடுமாறினார்கள். நமக்கும் இந்த யோசனை புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே 1893-94இல் ஒரு ஆணையம் இந்தியா முழுக்கச் சாட்சியம் கேட்டு, கஞ்சாவை முற்றாகத் தடுப்பது தேவையும் இல்லை, உகந்ததும் இல்லை என்று ஏழு தொகுதி எழுதி வைத்தது. நாம் படிக்கவில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. விற்பவனைப் பிடியுங்கள், ஆனால் சாட்சியத்தோடு பிடியுங்கள். சோதனையையும் எடை போடுவதையும் மாதிரி எடுப்பதையும் வீடியோ எடுங்கள், கையில் செல்போன் இல்லாத காவலர் யாரும் இல்லை. கஞ்சா வழக்குக்குக் குண்டாஸ் வேண்டாம். உபயோகிப்பவனை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, சட்டவிரோதப் போதைக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவர்தான் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று சொல்கிறது. ஜெயிலில் இடம் கிடைக்கிறது, வார்டில் இடம் இல்லை.

என்டிபிஎஸ் சட்டத்துக்குள்ளேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், சிறு அளவு வழக்கிலோ உபயோகித்த வழக்கிலோ சிக்கியவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் அவர் மேல் வழக்கு நடத்த முடியாது. இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த முறை ஒரு பையனை ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது, ஜாமீன் மனுவோடு 64ஏ மனுவையும் எழுதுங்கள். பெற்றோர்களே, பிள்ளை மாறுகிறான் என்று தெரிந்தால் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் 14446 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை.