யூரி, யூர்கன், ஜோர்டி: எல்லாரும் ஜார்ஜ்தான்

முதல்ல ஒரு கேள்வி. விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின். லிவர்பூல் பயிற்சியாளரா இருந்தவர் யூர்கன் கிளாப். 2005 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல அதே லிவர்பூலுக்குக் கோல்கீப்பர் யெர்ஸி டுடெக். இந்த மூணு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு?

பெயர்தான். மூணுமே ஜார்ஜ்!

கிரேக்க மொழியில 'கே'ன்னா மண், 'எர்கோன்'னா வேலை. மண்ணுல வேலை செய்யறவர், அதாவது விவசாயி. அதுல இருந்து வந்த பெயர் 'கெயோர்கியோஸ்'. புனித ஜார்ஜ் வழிபாடு பரவப் பரவ பெயரும் கூடவே போச்சு. போன இடத்துல எல்லாம் அந்த ஊர் நாக்குக்கு ஏத்த மாதிரி மாறிக்கிச்சு. இத்தாலியில ஜோர்ஜோ, ஸ்பானிஷ்ல ஹோர்ஹே, செக் மொழியில யிர்ஷி, ஸ்வீடன்ல யோரான். ரஷ்யாவுல ஒரே பெயர் கியோர்கி, யூரி, யெகோர்னு மூணாவே பிரிஞ்சிடுச்சு. இங்கிலாந்துல இது பரவலானது, 1714-ல ஜெர்மனியில இருந்து வந்த முதலாம் ஜார்ஜ் மன்னரான பிறகுதான். உங்க கேரள நண்பர் வர்கீஸும் இதே குடும்பம். அது சிரிய மொழி வழியா வந்த வடிவம்.

சரி, எல்லாம் ஒரே பெயர்னா எப்படிக் கூப்பிட்டா என்ன?

இதே வாதத்தை ஒரு சர்வாதிகாரியோட அரசும் வெச்சிருந்தது. ஃபிராங்கோ ஆட்சியில, பார்சிலோனா இருக்கிற கட்டலோனியாவுல, குழந்தைக்குக் கட்டலான் மொழிப் பெயரைப் பதிவு செய்ய முடியாது. வீட்டுல ஜோர்டின்னு கூப்பிடலாம், ஆவணத்துல ஹோர்ஹேதான்.

1974-ல, பார்சிலோனாவுக்கு ஆடிட்டிருந்த டச்சு வீரர் யோஹன் கிராய்ஃபுக்கு ஆம்ஸ்டர்டாம்ல மகன் பிறந்தான். பெயர் ஜோர்டி. அங்கேயே பதிவும் பண்ணிட்டாங்க. பார்சிலோனா திரும்பினதும் பதிவு அலுவலகத்துல, 'இது செல்லாது, ஹோர்ஹேன்னு மாத்துங்க'ன்னு சொல்லிட்டாங்க. கிராய்ஃப் அசரல. நெதர்லாந்து ஆவணத்துல ஏற்கெனவே ஜோர்டின்னு இருக்கு, மாத்த முடியாதுன்னு நின்னார். கடைசியில அவங்கதான் இறங்கி வந்தாங்க.

எனக்கு இதுல உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. அவர் உலகப் புகழ் பெற்ற வீரர். கையில வெளிநாட்டுச் சான்றிதழ். அதே வரிசையில நின்ன ஒரு கட்டலான் மில் தொழிலாளிக்கு அந்த ரெண்டுமே இல்ல. அவர் சொந்த ஊர்ல, சொந்த மொழிப் பெயரைப் பிள்ளைக்கு எழுத சட்டம் மாறணும். அது மாறினது ஃபிராங்கோ இறந்த பிறகு, 1977-ல.

அகராதியைப் பார்த்தா ஜோர்டி, ஹோர்ஹே ரெண்டுக்கும் அர்த்தம் விவசாயிதான். ஆனா அம்மா ஒரு பெயர்ல கூப்பிட்டு, ஸ்கூல் அட்டெண்டன்ஸ்ல இன்னொரு பெயர் வாசிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ரெண்டும் ஒண்ணா இருந்திருக்காது.

உங்க பெயரை உங்களைக் கேக்காம யாராவது மாத்தி எழுதியிருக்காங்களா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.