திருநெல்வேலி வானத்தில் சிற்றலை

எங்கள் வீட்டுத் தட்டட்டியில் ஒரு மூங்கில் கம்பு நட்டு வைத்திருக்கிறேன். அதிலிருந்து மாடிப்படிக் கைப்பிடி வரைக்கும் பத்து மீட்டர் செம்புக் கம்பி ஓடுகிறது. துணி காயப்போடத்தான் கட்டியிருக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது ஏரியல். அதன் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு வானொலிப் பெட்டியின் கம்பியில் கவ்வ விட்டால், இந்தச் சேரன்மகாதேவிக்குப் பீஜிங்கும் வரும், வளைகுடா நாடுகளும் வரும். இன்டர்நெட் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம். நாலு பேட்டரி போதும்.

இந்தப் பெட்டிப் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. 1960களின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு மூன்று பேண்ட் ட்ரான்சிஸ்டர் கொண்டுவந்தார். அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி, அதற்கென்று இருந்த சின்னப் புத்தகத்தில் பதிந்து வாங்க வேண்டும். அப்பா அந்தப் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்.

பகலில் எங்களுக்குத் திருநெல்வேலி நிலையம். மத்திய அலை, 1197 கிலோ ஹெர்ட்ஸ். 1963 டிசம்பரில் தொடங்கிய நிலையம் அது. பொழுது சாய்ந்ததும் அப்பா பேண்ட் சுவிட்சைத் தள்ளுவார். சிற்றலைக்குப் போவோம், இலங்கைக்குப் போவோம். ஒரு கணக்குச் சொல்கிறேன். நேர்கோட்டில் பார்த்தால் இங்கிருந்து சென்னை சுமார் 550 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 300 கிலோமீட்டர்தான். எங்களுக்குத் தலைநகரத்தைவிடக் கடலுக்கு அந்தப் பக்கம்தான் கிட்டம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று இலங்கை வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றி எங்கள் தெருவில் உறவுக்காரர்களைப் போலத்தான் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் ஒரு தொந்தரவு உண்டு. சில மாதங்களில், இருட்டி ஒரு மணி நேரம் ஆகும்போது, குரல் நடுங்க ஆரம்பிக்கும். கரகரப்பு வேறு, இது வேறு. தேர்க்கொடி காற்றில் படபடப்பதைப் போல, பாட்டு துண்டு துண்டாகப் படபடக்கும். நல்ல சத்தமாகத்தான் வரும், ஆனால் ஒரு சொல்லும் பிடிபடாது. இரவு கொஞ்சம் ஏறினால் தானாகவே சரியாகிவிடும்.

செட்டுதான் கெட்டுவிட்டது என்று அப்பா முடிவுகட்டினார். டவுனில் ரிப்பேர் செய்கிறவர் ஒருவரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அவர் பின்மூடியைக் கழற்றி, ஒரு கண்டென்சரை மாற்றினார். மறு வாரமும் அதே படபடப்பு. திரும்பவும் போனோம். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. “அண்ணாச்சி, செட்டுல ஒரு குறையும் இல்ல. என் கடையில இருக்கிற அத்தனை செட்டும் அந்நேரம் இப்படித்தான் ஆடுது. வானத்துலதான் என்னமோ இருக்கு” என்றார். கண்டென்சருக்கு வாங்கிய காசையும் திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. எனக்கோ அது மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் நான் பௌதிகம் படித்ததற்கும், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொடுத்ததற்கும், அந்த ஒரு வாக்கியத்துக்கு நிச்சயமாகப் பங்கு உண்டு.

வானத்தில் என்ன இருக்கிறது? சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் உள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அப்படி மின்னூட்டம் பெற்ற அடுக்குகளைத்தான் அயனி மண்டலம் என்கிறோம். 60, 70 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்குகிற கீழடுக்கு பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும். இருட்டியதும் அது கலைந்துபோகும். அதனால்தான் பகலில் கேட்காத தூரத்து மத்திய அலை நிலையங்கள் ராத்திரியில் வந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. சிற்றலை அந்தக் கீழடுக்கைத் துளைத்துக்கொண்டு மேலே போய், 250 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும் அடுக்கில் பட்டு வளைந்து, பூமிக்குத் திரும்புகிறது. திரும்பி வந்தது மறுபடி மேலே போகிறது. இப்படித் துள்ளித் துள்ளித்தான் கண்டம் தாண்டுகிறது.

இது உலகம் முழுக்கப் பொது. நம் ஊருக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. பூமிக்கு நிலநடுக்கோடு இருப்பதைப் போலக் காந்த நடுக்கோடு என்று ஒன்றும் உண்டு. ஒரு காந்த ஊசியை நட்ட நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால், டெல்லியில் அதன் வடமுனை நன்றாகவே கீழே சாயும். ஐரோப்பாவில் ஏறக்குறையத் தலைகுப்புறத் தொங்கும். திருநெல்வேலியில் அது கிட்டத்தட்ட மட்டமாகப் படுத்துக்கொள்ளும். காந்த நடுக்கோடு நம் தலைக்கு அவ்வளவு பக்கத்தில் போகிறது. இந்தச் சோதனையை நான் வகுப்பில் எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறேன்.

அந்தக் கோட்டுக்காகத்தான் தும்பாவில் ராக்கெட் தளம் வந்தது. 1963 நவம்பர் 21 அன்று அந்தி நேரத்தில் முதல் ராக்கெட் அங்கிருந்து ஏறி, மேலே சோடிய ஆவியைத் தூவியது. நம் வானொலி நிலையம் தொடங்கியது அதற்கு அடுத்த மாதம். சீன வானொலி தமிழில் பேசத் தொடங்கியதும் அதே வருஷம் ஆகஸ்டில்தான். 1963ஐ நினைத்தால் எனக்கு இந்த மூன்றும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

நம் மாவட்டத்திலேயே அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களுக்காக எல்லோருக்கும் தெரிந்த ஊர். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு ரேடார், 1.98 மெகா ஹெர்ட்ஸில், மேல்வளிக் காற்றை அளந்திருக்கிறது. அந்த எண்ணைக் கவனியுங்கள். நம் மத்திய அலைப் பட்டை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, சிற்றலை தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. நம் பெட்டியின் இரண்டு பேண்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு அது வானத்தோடு பேசியது.

அப்பாவின் செட்டு நடுங்கியதற்கான காரணத்தை அந்த மாதிரி ஆய்வுகள் பற்றிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். காந்த நடுக்கோட்டின் மேலே, சூரியன் மறைந்த கையோடு மேலடுக்கு சட்டென்று உயரே தூக்கப்படுகிறது. அதன் அடிப்பக்கம் அதே நேரத்தில் கரைந்துகொண்டு போகிறது. கனத்த அடுக்கு மேலே, லேசானது கீழே. உலைப்பானையில் அடியிலிருந்து குமிழ் எழும்புமே, அப்படி மின்னூட்டம் குறைந்த பெரும் குமிழ்கள் கிளம்பி மேலே ஏறுகின்றன. வழவழப்பான கண்ணாடியாக இருந்த வானம் கொதிக்கிற நீராகிவிடுகிறது. அதில் பட்டுத் திரும்புகிற குரல் எப்படி நேராக வரும்? நம் பகுதியில் இது பங்குனி, சித்திரையிலும், புரட்டாசி, ஐப்பசியிலும் அதிகம். சூரியப் புள்ளிகள் மிகுந்த வருஷங்களில் இன்னும் அதிகம். செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞையையே இது தடுமாற வைக்கும்.

டவுன் ரிப்பேர்க்காரர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அவரைப் பார்த்துச் சொல்லலாம் என்று போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது.

பெட்டி வாங்க விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். இன்று கிடைக்கும் நல்ல கைச்செட்டுகள் பெரும்பாலும் சீனத் தயாரிப்பு. டெக்சன் கம்பெனியின் பிஎல்-310, பிஎல்-660 போன்றவற்றை நான் பார்த்திருக்கிறேன். பழைய செட்டில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். இதில் எண்ணை அடித்தால் போதும், ஸ்டேஷன் வந்து நிற்கும். ஹாம் என்கிற அமெச்சூர் வானொலி நண்பர்கள் 7 மெகா ஹெர்ட்ஸ் பக்கத்தில் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் எஸ்எஸ்பி வசதி இருக்கிற செட்டாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத செட்டில் அவர்கள் பேச்சு வாத்து கத்துவதைப் போலத்தான் கேட்கும். பகலில் 13, 16, 19 மீட்டர். இருட்டினால் 31, 41, 49 மீட்டர். இது மட்டும் கைவந்தால் பாதிப் பழக்கம் வந்த மாதிரி. நிலையங்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அலைவரிசையை மாற்றிக்கொள்ளும். நேற்று வரை வந்தது இன்று காணவில்லையே என்று பெட்டியைத் தட்டாதீர்கள். வாரக்கணக்கில் கேட்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். எத்தனை நல்ல செட்டுகள் பேட்டரி கசிந்தே செத்திருக்கின்றன!

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல் இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே சிற்றலையில் இரைச்சலைக் கக்குகின்றன. பக்கத்து வீட்டு பல்பு எரிந்தால் என் பெட்டியில் பீஜிங் மறைந்துவிடும். நுட்பமான ஒன்றைக் கேட்க வேண்டுமானால் இரைச்சலை விட்டு விலகித்தான் போக வேண்டும். பம்பாய் கொலாபாவில் பூமியின் காந்தத்தை அளந்துகொண்டிருந்த நிலையத்துக்கே அந்த நிலைமை வந்தது. நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், கருவிகளைக் கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள். 1904இல் நடந்தது அது. கிருஷ்ணாபுரத்து அளவுகளோடு இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுவது அந்த அலிபாக் அளவுகள்தான்.

எனக்கு அலிபாக் என்பது தாமிரவருணிப் படித்துறை. கன்னடியன் கால்வாயைத் தாண்டி, வயல் வரப்பில் நடந்து, ஆற்றங்கரைக்கு வந்தால் கரண்டுக் கம்பி எதுவும் பக்கத்தில் இல்லை. ஒரு மருத மரக் கிளையில் ஏழு மீட்டர் கம்பியைத் தொங்கவிடுவேன். வீட்டில் இரைச்சலுக்கு அடியில் கிடந்த நிலையம் அங்கே கழுவித் துடைத்த மாதிரி எழுந்து வரும். பிசான நடவு முடிந்த நாட்களில் தவளைச் சத்தத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

அங்கே உட்கார்ந்துதான் லண்டன் பிபிசி தமிழோசையின் கடைசி ஒலிபரப்பைக் கேட்டேன். 2017 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. தமிழோசை 1941 மே 3 அன்று தொடங்கியது. மூன்றே நாள் போயிருந்தால் 76 வருஷம் நிறைந்திருக்கும். இரவு ஒன்பதே காலுக்கு அதைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் தெருவில் பல வீடுகளில் பாய் விரிப்பார்கள். மறுநாளும் ஒன்பதே காலுக்கு அந்த அலைவரிசையில் பெட்டியைத் திருப்பினேன். வெறும் காற்று வந்தது. அதற்கு அடுத்த வருஷம் மணிலாவிலிருந்து வந்துகொண்டிருந்த வேரித்தாஸ் தமிழ்ப் பணியும் சிற்றலையை விட்டது. செல்போனில் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறதுதான். ஆனால் செல்போனுக்கு நடுவில் கம்பெனிகள், கோபுரங்கள், மின்சாரம் எல்லாம் வேண்டும். சிற்றலையில் பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் வானம் மட்டும்தான். கேட்பது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சுதந்திரம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் கரண்டு இல்லை, செல்போனில் கோபுரக் கோடு ஒன்றும் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெட்டியை எடுத்தேன். ஊரே இருண்டு கிடந்ததால் இரைச்சல் துளியும் இல்லை. சிற்றலை அவ்வளவு தெளிவாக அதற்கு முன் வீட்டுக்குள் வந்ததில்லை. எங்கோ ஒரு நாட்டில் ஒரு பெண் தெரியாத மொழியில் நிதானமாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று அவரால் எனக்குச் சொல்ல முடியாது. அதற்கு உள்ளூர் மத்திய அலைதான் வேண்டும். ஆகையால்தான் சொல்கிறேன், தூரத்து நிலையங்களுக்காக வருந்துகிறவர்கள், பக்கத்து நிலையத்தின் கோபுரம் அணையாமல் இருக்கவும் குரல் கொடுக்க வேண்டும். அந்த ராத்திரி என் மனைவி அந்தப் பெண்ணின் குரலை நிறுத்த விடவில்லை. விடியும் வரை அது பேசிக்கொண்டே இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். இருட்டிய பின் ஒரு மணி நேரம் கழித்து, வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, பெட்டியோடு தட்டட்டிக்குப் போங்கள். 31 மீட்டர் பட்டையில் கணீரென்று வருகிற ஏதாவது ஒரு நிலையத்தைப் பிடித்து வையுங்கள். மொழி எதுவானாலும் சரி. அன்றைக்கு இல்லாவிட்டால் நாலைந்து நாளுக்குள் அந்தக் குரல் கொடி மாதிரிப் படபடக்கத் தொடங்கக்கூடும். பெட்டியைக் குறை சொல்லாமல் கேளுங்கள். அதே நிமிஷத்தில் உங்கள் தலைக்கு மேலே முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் குமிழ்கள் எழும்பிக்கொண்டிருக்கும்.