பத்திரத்தில் உள்ள வீடும் நம் ஊர் வீடும்





வீட்டுக் காப்புறுதி பற்றிய ஆய்வரங்கைக் கொழும்பில் கூட்டாமல் கல்முனையில் கூட்டியிருக்கிறீர்கள். தலைமையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். முன்னதற்கு என் பாராட்டு. பின்னதற்கு என் நன்றி.

இந்த மண்டபத்திலிருந்து கடல் நடந்துபோகும் தூரம்தான். 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியில் கூரை பறந்ததைக் கண்டவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையை நான் விவரிக்கத் தேவையில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரை கடலோரத் தெருக்களில் அத்திவாரங்களே மிஞ்சின. நாடு முழுவதற்குமான சொத்தழிவை ஏறத்தாழ 100 கோடி அமெரிக்க டொலர் என்று மதிப்பிட்டார்கள். காப்புறுதி ஈடுசெய்தது அதில் சிறு பங்கைத்தான். முற்றாக அழிந்த வீட்டுக்கு அரசு வழங்கிய கொடுப்பனவு 250,000 ரூபாய்.

அன்று நம்மவர் பெரும்பாலோரிடம் காப்புறுதிப் பத்திரம் இல்லை. இன்று பலரிடம் இருக்கிறது. ஆனாலும் வெள்ளம் வடிந்த பிறகு நட்டஈடு கேட்டுப் போகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஏன்? பத்திரத்தை எழுதியவர்கள் மனதில் வைத்திருந்த வீடு வேறு. நாம் வாழும் வீடு வேறு. என் உரை முழுவதும் இந்த ஒரு கருத்தைப் பற்றியதுதான்.

முதலில், வீடு யாருடையது? நம் பகுதியில் வீடு பெண்ணுடையது. தகப்பன் வயலை விற்றோ கட்டாருக்குப் போயோ மகளுக்குச் சீதனமாக வீடு கட்டுகிறார். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். உறுதி பெண்ணின் பெயரில். காப்புறுதிப் பத்திரத்தில் கையொப்பமிடுவதோ பெரும்பாலும் கணவன். என் ராத்தா வீட்டில் இதுவே நடந்தது. ஐப்பசி மின்னலில் குளிர்சாதனப்பெட்டியும் தண்ணீர் மோட்டரும் கருகின. மச்சான் கோரிக்கைப் படிவம் கொடுத்தார். நிறுவனத்திலிருந்து வந்த முதற் கேள்வி, "இந்த வீட்டில் உங்களுக்கு என்ன உரிமை?" காப்புறுதி செய்பவருக்கு அந்தச் சொத்தில் நலன் இருக்க வேண்டும் என்பது காப்புறுதிச் சட்டத்தின் அடிக்கல். மனைவியின் வீட்டில் குடியிருக்கும் கணவனுக்கு அந்த நலன் உண்டென்று வாதாடலாம். வாதாடி முடியும்வரை மோட்டர் இல்லாமல் கிணற்றில் இறைத்துக் குடித்தார்கள். விண்ணப்பத்தில் இரண்டு பெயரையும் எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திராது.

அதே மின்னல் இன்னொரு பாடமும் சொல்கிறது. கூரையில் நேரே விழும் இடியும், கம்பி வழியே ஓடிவந்து கருவியைக் கருக்கும் மின்னழுத்தமும் நமக்கு ஒன்றுதான். பல பத்திரங்களில் அவை இரண்டு. பின்னதற்குத் தனியே மேலதிகக் காப்பு வாங்க வேண்டும்.

அடுத்து, வீட்டுக்குள் என்ன நடக்கிறது? மருதமுனையில் வீட்டோடு தறி இருக்கிறது. சாறன் நெய்கிற வீட்டில் நூல்கட்டும் சாயமும் நிறைந்திருக்கும். தீப்பிடித்தால், குடியிருப்பு என்று காப்புறுதி செய்த இடத்தில் தொழில் நடந்ததை நிறுவனம் கேட்கும். காப்புறுதி உச்ச நல்நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது. நெசவாளி மறைக்கவில்லை. தறியை அவர் தொழிற்சாலை என்று நினைத்ததே இல்லை. அது அவருக்கு வீட்டின் ஓர் அறை.

மூன்றாவது தண்ணீர். நம் மாவட்டத்தின் மிகப் பெரிய இழப்பு இதுதான். தீயிலிருந்தும் மின்னலிலிருந்தும் காப்பது அடிப்படைப் பத்திரம். வெள்ளமும் புயலும் பொதுவாக மேலதிகமாகச் சேர்க்கப்படுபவை. தண்ணீரிலும் வகை உண்டு: மழைவெள்ளம் ஒன்று, பொங்கி வந்த கடல்நீர் ஒன்று, நாளுக்கு நாள் நிலத்தை அரிக்கும் அலை ஒன்று. ஒலுவில் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதன் வடக்கே நிந்தவூர்ப் பக்கம் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். திடீரென நேராத இழப்பு வழமையான பத்திரத்துக்குள் வராது. கடலரிப்பில் நிலம் இழக்கும் குடும்பங்களுக்குக் காப்புறுதி விடையாகாது. அரசுக் கொள்கைதான் விடையளிக்க வேண்டும்.  

நான்காவது, மனிதர் வைத்த தீ. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டதை மறக்கவில்லை. கலகத்தால் வரும் சேதத்துக்கு நம் நாட்டில் 1987 முதல் தனி நிதியம் இருக்கிறது. ஆனால் அந்தக் காப்பைப் பத்திரத்தோடு சேர்த்து வாங்கியவருக்கே அது கிடைக்கும். கட்டுப்பணத்தில் சில நூறு ரூபாய் குறையட்டும் என்று முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

ஐந்தாவது, பெறுமதி. ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட ஒரு கோடி ரூபாய் வேண்டும்; 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறோம்; வெள்ளத்தில் சேதம் 20 இலட்சம். கைக்கு வருவது 20 அல்ல, 8 இலட்சம். சராசரி விதி என்பது இதுதான்: பெறுமதியில் எத்தனை பங்குக்குக் காப்புறுதியோ, சேதத்திலும் அத்தனை பங்கே. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன் எழுதிய தொகையை அப்படியே புதுப்பித்து வருகிற ஒவ்வொருவரும், தமக்குத் தெரியாமலே, வீட்டின் கணிசமான பங்கைக் காப்பில்லாமல் விட்டிருக்கிறார்.

தனிமனிதர் வாங்காவிட்டாலும் அரசு வாங்கலாம் என்பதை 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் தொடங்கிய அனர்த்தக் காப்புறுதித் திட்டம் காட்டியது. கட்டுப்பணத்தை அரசு செலுத்தியது. ஒரு வீட்டுக்கு 25 இலட்சம் வரை காப்பு. அது நல்ல பாதை. அந்தப் பாதையை விரிவுபடுத்தக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மார்க்க நோக்கில் தயங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜித்தாவில் 1985இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி வணிகக் காப்புறுதியை மறுத்து, கூட்டுறவு முறையை ஏற்றது. அந்தக் கூட்டுறவு முறையிலான தகாபுல் 1999 முதல் நம் நாட்டில் இயங்குகிறது. தபர்ருஃ என்ற நன்கொடை மனதோடு எல்லோரும் இட்டுவைக்கும் பணம், இடி விழுந்த வீட்டுக்குப் போகிறது. சுனாமிக்கு அடுத்த நாட்களில் நம் பள்ளிவாசல் முற்றங்களில் சோறாக்கிப் பங்கிட்டோமே, அதையே கணக்கெழுதி, முன்கூட்டிச் செய்வதுதான் தகாபுல்.

ஆய்வாளர்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறேன். இப்பகுதியில் நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளைச் சேகரித்து, ஒவ்வொன்றின் காரணத்தையும் பதிவு செய்யுங்கள். சீதன வீட்டையும் தறி வீட்டையும் பெயர் சொல்லி ஏற்கும் ஒரு மாதிரிப் பத்திரத்தை, கிராம உத்தியோகத்தரும் குடும்பப் பெண்ணும் வாசிக்கும் தமிழில் வரையுங்கள். பள்ளிவாசல் மஹல்லா அளவில் கூட்டாகக் காப்புறுதி செய்ய முடியுமா என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அவையிலுள்ள மற்றவர்களிடம் ஒரே வேண்டுகோள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அலுமாரியைத் திறந்து இரண்டு தாள்களை அருகருகே வையுங்கள்: ஒன்று வீட்டின் உறுதி, மற்றது காப்புறுதிப் பத்திரம். உறுதியில் உள்ள பெயர் பத்திரத்திலும் இருக்கிறதா என்று வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் தலையசைத்தால் இந்த ஆய்வரங்கின் முதற் பயன் கிடைத்துவிட்டது.

அல்லாஹ் நம் வீடுகளையும் அவற்றில் வாழ்வோரையும் காப்பானாக. முதல் அமர்வைத் தொடக்கி வைக்கிறேன். வஸ்ஸலாம்.