ஆறு மாதத் துணை

காசநோய் மருந்தால் குணமாகிற நோய். ஆனால் அந்த மருந்தை ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் விழுங்க வைப்பது பெரும்பாலும் வீட்டார்தான். யாங்கோனில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. காசநோய்ச் சுமை மிகுந்தவை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட 30 நாடுகளில் மியன்மாரும் ஒன்று, இந்தியாவும் ஒன்று.

நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். மருந்து கிடைக்க அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மருந்து வந்த பிறகும் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துச் சானடோரியத்தில் வைப்பதே முறை. ஓய்வும் ஊட்டமும் நல்ல காற்றும் இல்லாமல் குணமில்லை என்று மருத்துவ உலகம் நம்பியது.

அந்த நம்பிக்கையை மாற்றிய ஆய்வு நடந்தது சென்னையில். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நான்கும் அதில் கைகோத்தன. ஆய்வுக்கு வழிகாட்டியவர் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து, ஓராண்டு அதே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். இவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாரை நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோயாளிகள் இன்று வீட்டிலிருந்தே குணமாவதற்கு வழி திறந்தது இந்த ஆய்வு. தமிழர்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி, அவையோரே, ஆனால் அதிகம் பேசப்படாத செய்தி.

இன்றைய சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் இரண்டு மருந்துகள். மாத்திரையின் எண்ணிக்கை உடல் எடையைப் பொறுத்தது. 45 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு மூன்று கூட்டு மாத்திரை. முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது என்று முன்பே தெரியாத மனைவி, ரத்தம் என்று பதறி மருந்தையே நிறுத்திவிடுவதுண்டு. கண் மஞ்சளானால் அது வேறு. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பார்வை மங்கினாலும் அப்படியே.

ஆபத்தான கட்டம் இரண்டாம் மாதம். இருமல் நின்றுவிடும், பசி திரும்பும், எடை ஏறும். “இனி எதற்கு மாத்திரை?” என்று நோயாளிக்குத் தோன்றும். நடுவில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அத்தகைய நோய்க்கான சிகிச்சை யாங்கோன் அவுங் சான் காசநோய் மருத்துவமனையிலும் மாண்டலேயிலும் 2009இல் தொடங்கியபோது ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்டது, மாதக்கணக்கில் ஊசியும் உண்டு. ஊசியில்லாத ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2022இல்தான். நடுவில் நிறுத்தவிடாமல் காப்பவர் யார்? காலையில் தண்ணீர்ச் சொம்போடு எதிரே நின்று, மாத்திரை உள்ளே போனதைப் பார்த்த பிறகே நகரும் அம்மாதான், அக்காதான், மகன்தான்.

யாங்கோன் நகர நடுவில் பல வீடுகள் ஒடுங்கி நீண்டவை. முன்னும் பின்னும் மட்டுமே சன்னல். அந்தச் சன்னல்களைத் திறந்து வைப்பதே பெரிய உதவி. காசநோய் காற்றில் பரவுவது. தட்டிலோ தம்ளரிலோ ஒட்டுவதில்லை. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் நோயாளிக்குத் தனித் தட்டு வைப்பது பாதுகாப்பே அல்ல, அவமதிப்பு.

அதைவிடக் கொடியது மறைப்பது. வயதுக்கு வந்த மகளுக்கு நோயென்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சி, சளிப் பரிசோதனைக்கே அனுப்பாத வீடுகள் நம் தமிழ்ச் சமூகத்தில் உண்டு. அந்தப் பெண் இருமிக்கொண்டே மெலிகிறாள். ஒரே அறையில் தூங்கும் தம்பி தங்கைக்கும் நோய் போகிறது. முழுச் சிகிச்சை முடித்த பெண் தாராளமாக மணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். இதை உறவில் மூத்தவர்கள் வாய்திறந்து சொன்னால்தான் அச்சம் விலகும்.

மருந்து இலவசம். கூலி இழப்பும் பஸ் செலவும் முட்டையும் பருப்பும் இலவசமல்ல. கொரோனாவுக்கும் 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்கும் பின் அரசு மருத்துவமனைகளில் ஆள்பலம் குறைந்து, வீட்டார் மேல் பாரம் கூடியிருக்கிறது. ஆகவே யாங்கோனின் கோயில் சபைகளும் தமிழ்ச் சங்கங்களும் சிகிச்சையிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆறு மாத அரிசியையும் போக்குவரத்துச் செலவையும் ஏற்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் எந்த வீட்டில் இருந்தாலும், நாளைக் காலையே அவரைச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.