வேனிலும் விளக்குமாறும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, வட்டத்தின் மூத்த உறுப்பினர்களே, கவியரங்கில் பாடக் காத்திருக்கும் கவிஞர் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னையே நோக்கிக் கொண்டிருக்கும் என் இல்லத்தாரே, அனைவர்க்கும் வணக்கம்.

'இளவேனிலும் இல்லறமும்' என்று தலைப்புத் தந்து கால் மணி நேரம் பேசப் பணித்திருக்கிறார்கள். இளவேனிலைப் பற்றி யாரைக் கேட்டும் பேச வேண்டியதில்லை. இல்லறத்தைப் பற்றிப் பேச முன்வரிசையின் இசைவு வேண்டும். நேற்றிரவே அதனைப் பெற்றுவிட்டேன். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, உவமை கிவமை சேக்காதீங்க" என்பது மட்டுமே நிபந்தனை.

இந்தப் பத்தாண்டுகளில் நம் பங்குனிக் கூட்டம் ஒவ்வொன்றிலும் நான் ஒரு வேனிற் கவிதை படித்திருக்கிறேன். குயில், தென்றல், மாந்தளிர் மூன்றும் தவறாமல் வந்துவிடும். எல்லாம் என் வீட்டு மாடியறைச் சன்னலோரம் அமர்ந்து, முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்து எழுதியவை. அம்மரத்தின் அடியில் விடியற்காலையில் என்ன நடக்கிறது என்பதை அறியும் வாய்ப்பு எனக்குச் சென்ற ஆண்டு வரை வாய்க்கவில்லை.

சென்ற ஆண்டு மாசி மாதக் கடைசியில் என் துணைவியார் துவைகல்லருகே வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கோவையிலிருந்து மகள் வந்து பத்து நாள் இருந்தாள். பிள்ளைகளின் தேர்வுக்காகப் புறப்பட வேண்டிய அன்று, "அப்பா, சமையலுக்கு ஆள் சொல்லியிருக்கேன். வாசலை மட்டும் நீங்க பாத்துக்குங்க" என்று விளக்குமாற்றை என் கையில் தந்து சென்றாள். எத்தனையோ மேடைகளில் பொன்னாடை பெற்ற கை இது. அன்று பெற்றதுதான் கனமாக இருந்தது.

பத்து நிமிட வேலை என்று எண்ணி இறங்கினேன். ஒரு மூலையைப் பெருக்கித் திரும்பினால், பெருக்கிய மூலையில் முன்னிலும் அதிகமாகச் சருகு. குவித்து வைத்ததையெல்லாம் காற்று வந்து கலைத்துப் போட்டது. காற்று என்று ஏன் சொல்ல வேண்டும்? நான் பத்தாண்டுகள் பாடிய அதே தென்றல்தான்! தூளியில் கையைத் தொங்கவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தவர் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்து வர்ற பக்கத்துலருந்து கூட்டிக்கிட்டு வாங்க. எதுக்க நின்னு கூட்டுனா விடிய விடியக் கூட்டணும்."

தென்றல் தெற்கிலிருந்து வருவது என்று முப்பதாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். ஆகவே தெற்கே தொடங்கி வடக்கு நோக்கிப் பெருக்க வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

பெருக்கப் பெருக்க இன்னொன்றும் விளங்கியது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, ஆண்டில் நான்கு பருவம், அவற்றுள் ஒன்று இலையுதிர்காலம் என்று ஒப்பிப்பாள். நம் முன்னோர் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு கண்டார்கள். ஆறில் இலையுதிர்காலம் என்று ஒன்றில்லை. ஏன் இல்லை? நம் மண்ணில் வேம்பும் புங்கும் அரசும் இலை உதிர்ப்பது பின்பனியின் கடைசியில், வேனிலின் வாயிலில். ஒரு கிளை மொட்டையாக நிற்கும்போதே அடுத்த கிளையில் செம்பு நிறத் தளிர் விட்டுவிடுகிறது. சருகைப் பெருக்கிக்கொண்டே நிமிர்ந்தால் தலைக்கு மேல் கொழுந்து. இரண்டுக்கும் இடையே தனியாக ஒரு பருவம் வைக்க இடம் ஏது? மாடியறையிலிருந்து பார்த்தபோது கொழுந்து மட்டுமே தெரிந்தது. சருகு கீழே, வேறொருவர் பொறுப்பில் இருந்தது.

சில நாளில் சருகு ஓய்ந்து, தரையெல்லாம் வெண்பொடி தூவியதுபோல் பூ விழத் தொடங்கியது. (உவமைக்கு மன்னிக்க வேண்டும்.) மூன்று நாள் அதனையும் வாரிக் குப்பையில் கொட்டினேன். நான்காம் நாள்தான் என் துணைவியார் கண்ணில் பட்டது. "ஐயையோ, பூவையா கூட்டிக் கொட்டினீங்க?" இரவில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைக்க வேண்டுமாம். காலையில் மடித்தெடுத்து, காம்பு ஆய்ந்து, உலர்த்தி, புட்டியில் அடைக்க வேண்டுமாம். ஆண்டுதோறும் மூன்று புட்டி. ஒன்று எங்களுக்கு, ஒன்று கோவைக்கு, ஒன்று பெங்களூரில் இருக்கும் மகனுக்கு. முப்பதாண்டுகளாக வேப்பம்பூ ரசம் உண்டு வருகிறேன். பூ எப்படி அடுப்படிக்கு வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கை கட்டுண்டிருந்த அந்நாள்களில்தான் அவருக்கு என் கவிதையைக் கேட்க நேரம் கிடைத்தது. இல்லை என்று சொல்லவும் எழுந்து போகவும் வேலை எதுவும் இல்லை. ஒருநாள் பிற்பகல், முல்லை மணக்கும் இளவேனிலே என்று தொடங்கிப் படித்தேன். "முல்லை மழைக்காலப் பூவில்லையா? நீங்கதானே திண்ணையில பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பீங்க, முல்லைக்குக் கார்காலம்னு?" என்றார். நான் திண்ணையில் நடத்திய பாடமெல்லாம் அடுப்படிக்குக் கேட்டிருக்கிறது! "இப்ப வர்றது மல்லிகை. மார்கழி, தையில முழம் விலை கேக்க முடியாது. பங்குனியில தெருவுல கூவிக் கொடுப்பாங்க" என்று பருவத்தை நிறுவியும் காட்டினார். மதுரை மல்லிகைக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. அதன் காலக் குறியீடு எங்கள் வீட்டில் அதற்கு முன்பே இருந்திருக்கிறது.

அடுத்து என் குயிலும் வீழ்ந்தது. பெண் குயில் ஏக்கத்தோடு கூவுவதாக எழுதியிருந்தேன். "கூவுறது ஆணு. பொட்டைக்குயில் காக்காக் கூட்டுல முட்டை வைக்க வழி பாத்துக்கிட்டிருக்கும். அதுக்குப் பாட எங்க நேரம்?" என்று கூறிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தாளை மடித்துவிட்டேன்.

இழந்த பெருமையை மீட்கச் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையை எடுத்துச் சொன்னேன். வேனில் வந்ததும் மாதவி தாழை மடலில் ஓலை எழுதியது, வசந்தமாலை அதைக் கூல மறுகில், அதாவது தானியக் கடைத்தெருவில், கோவலனிடம் நீட்டியது, அவன் வாங்க மறுத்தது எல்லாவற்றையும் உருக்கமாகவே கூறினேன். கேட்டு முடித்தவர், "அந்தப் பொண்ணு வெயில்ல கடைத்தெரு வரைக்கும் போயி, வெறுங்கையோட திரும்பி நடந்துச்சே, அதை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார். வேனிற்காதையை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். வசந்தமாலையின் கால்களை ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆறாம் வாரம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மறுநாள் விடியலில் அவரே இறங்கி வந்து விளக்குமாற்றை எடுத்தார். விரல்கள் மூடவில்லை. இரண்டு முறை முயன்று, அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இனி இப்படித்தான் போல" என்று மெல்லச் சொல்லி உள்ளே போனார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. மரத்தில் குயில் கூவிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அதை விரட்டிவிடலாமா என்று இருந்தது.

சித்திரை முதல் நாள் பச்சடி நான் செய்தேன். நெய்யில் பூவை வறுக்கையில் சற்றுக் கருகிவிட்டது. வெல்லம் எவ்வளவு போட்டும் கசப்பு அடங்கவில்லை. அவர் இடக்கையில் கரண்டி பிடித்து இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டார். நன்றாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இம்மதுரையில் திருமலை நாயக்கர் வேனில் விழாவுக்கென்றே ஒரு மண்டபம் எழுப்பினார். புதுமண்டபம் என்றும் வசந்தமண்டபம் என்றும் வழங்கும் அதனைச் சுற்றி நீர் நிறுத்திக் குளிர்வித்து வைகாசியில் விழா எடுத்தார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு வசதியில்லை. திண்ணைதான் வசந்தமண்டபம். அங்கே அவர் நாள்தோறும் மருத்துவர் தந்த ரப்பர்ப் பந்தை அழுத்திக் கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அமர்ந்து பூவின் காம்பு ஆய்ந்தேன். ஆடி பிறப்பதற்குள் கோலப்பொடி அவர் விரலிடுக்கில் நின்றது. முதல் நாள் கோலம் கொஞ்சம் கோணல். நான் அதைப் புகழ்ந்தேன். "பொய் சொல்லாதீங்க" என்றார்.

இவ்வாண்டு வாசல் மீண்டும் அவர் வசமாகிவிட்டது. வேட்டி விரிப்பது மட்டும் என் வசம். அழகர் ஆற்றில் இறங்குமுன்பே மூன்று புட்டியும் நிறைந்து, கோவைக்கும் பெங்களூருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்த வேலையில் பங்குனிக் கவிதை எழுத நேரமில்லாமல் போயிற்று. பத்தாண்டில் முதன்முறையாக வெறுங்கையோடு வந்தேன் என்று செயலாளர் வருந்த வேண்டாம். நான்காவதாக ஒரு சிறு புட்டி அவருக்கென்று கொண்டு வந்திருக்கிறேன்.

எனக்குப் பின் பாடவிருக்கும் கவிஞர்களுக்கு ஒரே வேண்டுகோள். தங்கள் கவிதையில் இளவேனிலில் முல்லை பூத்திருந்தால், முன்வரிசையைப் பார்க்காமல் படித்து முடித்துவிடுங்கள்.